போர்வீரர்களின் கப்ருகளும் நமது கபரஸ்தானும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

 

இவ்வாண்டுப் பொதுக்குழுவின் முன் கபரஸ்தான் தொடர்பாக இரண்டு விஷயங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, சுற்றுச்சுவரை எழுப்பி முடிப்பது. மற்றொன்று, வெளியூர்க்காரர்களையும், சந்தா பாக்கி வைத்திருப்பவர்களையும் நம் கபரஸ்தானில் அடக்க இடமளிப்பதா என்பது. முதல் விஷயத்தில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, பணம்தான் இல்லை. இரண்டாவது விஷயம் சில மாதங்களாக ஹவுளு ஓரத்திலும் தேநீர்க் கடைகளிலும் சூடாகப் பேசப்படுவதை நானும் செவியுற்றே வருகிறேன். முடிவெடுப்பது இச்சபையின் உரிமை. அதற்கு முன் சில அடக்கஸ்தலங்களின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவற்றுள் பல போர்வீரர்களால் அறியப்பட்டவை. அவற்றில் சில இன்று ஒரு சமுதாயத்தின் கபரஸ்தானாக உயிர்ப்புடன் இருக்கின்றன. சில பாழடைந்து போயின. இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதே என் பேச்சின் கரு.

மதீனாவிலிருந்து தொடங்குவோம். உஹதுப் போரில் எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். சிலருடைய குடும்பத்தார் தம் மய்யித்துகளை மதீனாவுக்கு எடுத்துச் செல்ல முற்பட்டபோது, அவர்களை வீழ்ந்த இடத்திலேயே அடக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஒரே கப்ரில் இருவர், மூவர் என்று அடக்கப்பட்டனர். குர்ஆனை அதிகம் மனனம் செய்தவர் முன்னே வைக்கப்பட்டார். அது போர்வீரர்களின் அடக்கஸ்தலம். மதீனாவின் பொதுக் கபரஸ்தானாகிய ஜன்னத்துல் பகீயோ வேறு. ஆனால் அங்கும் ஒரு போர்வீரரைச் சந்திக்கிறோம். உஸ்மான் பின் மள்ஊன் (ரலி) பத்ருப் போரில் கலந்துகொண்டவர். போர்க்களத்தில் அல்லாது, அதன்பின் மதீனாவில் வஃபாத்தானார். முஹாஜிர்களில் பகீயில் முதலாவதாக அடக்கப்பட்டவர் அவரே. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கல்லைத் தம் கரங்களால் தூக்கி வந்து அவருடைய தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கப்ரை அடையாளம் கண்டுகொள்ளவும், தம் குடும்பத்தில் மரணிப்பவர்களை அவரருகே அடக்கவும் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். தம் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) அவர்களை அவ்வாறே அவரருகே அடக்கினார்கள். பத்ரு வீரர் ஒருவரின் கப்ரைச் சுற்றிக் குழந்தைகளும் பெண்களும் ஏழைகளும் செல்வர்களும் வந்து சேர்ந்தனர். அந்தக் கல்லில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: அடக்கப்பட்டவர் இன்னார் என்று அறியப்பட வேண்டும், அவரருகே நம்மவர்கள் தொடர்ந்து வந்து சேர வேண்டும்.

இனி நம் மண்ணைப் பாருங்கள். பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் செல்லும் எவரும் ரஞ்சன்குடிக் கோட்டையைக் காணாமல் போக முடியாது. 1751-இல் அதன் பக்கத்திலும் வாலிகண்டபுரத்தைச் சுற்றியும் பெரும் போர் நடந்தது. ஒருபுறம் சந்தா சாஹிபும் பிரெஞ்சுக்காரர்களும். மறுபுறம் முஹம்மது அலீ வாலாஜாவும் ஆங்கிலேயர்களும். ஆங்கிலப் படை பின்வாங்கி ஊட்டத்தூர் வழியே திருச்சிக்குச் சென்றது. இரு பக்கமும் படையில் இருந்தவர்களில் நம் மார்க்கத்தவர் ஏராளம். (எதிரெதிரே நின்ற அவ்விரு தலைவர்களும் இன்று திருச்சி மண்ணிலேயே அடங்கியிருக்கிறார்கள் என்பது சிந்திக்கத் தக்கது.) தலைவர்களின் கப்ருகளை நாம் அறிவோம். ஆனால் அன்று வாலிகண்டபுரத்து வெயிலில் விழுந்த சிப்பாய்களில் ஒருவருடைய பெயரையாவது இங்கு அமர்ந்திருப்பவர்களில் சொல்லக் கூடியவர் உண்டா? அவர்களுக்கு ஊர் இல்லை. பக்கத்தில் உறவினர் இல்லை. படை நகர்ந்தது, அவர்கள் மண்ணில் தங்கிவிட்டார்கள்.

சிப்பாயின் கப்ரு ஏன் இவ்வளவு எளிதாகத் தொலைகிறது என்பதை ஜெர்மனியில் தெளிவாகக் காணலாம். அங்கே ஒரே போரில் இறந்த முஸ்லிம் வீரர்களுக்கு இரண்டு அடக்கஸ்தலங்கள் இருந்தன. ஒன்று தலைநகர் பெர்லினில். மற்றொன்று அதற்குத் தெற்கே, ஒரு நாளில் போய்த் திரும்பக் கூடிய தொலைவில்.

தெற்கே இருந்ததை முதலில் சொல்கிறேன். முதல் உலகப் போரில் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகளில் போரிட்டுப் பிடிபட்ட முஸ்லிம் கைதிகளை ஜெர்மானியர் வூன்ஸ்டோர்ஃப் என்னும் ஊரில் ஒரு முகாமில் வைத்தனர். அதற்குப் பிறைநிலா முகாம் என்றே பெயர். 1915-இல் அக்கைதிகளுக்காக மரத்தாலான ஒரு பள்ளிவாசலையும் கட்டிக் கொடுத்தனர். ஜெர்மன் மண்ணில் எழுந்த முதல் பள்ளிவாசல் அதுவே. அன்பினால் கட்டியதன்று, கைதிகளின் மனத்தை மாற்றி உஸ்மானியர் பக்கம் போரிடச் செய்ய வேண்டும் என்ற திட்டத்தால் கட்டியது. அங்கிருந்த இந்தியக் கைதிகளில் முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியர்களும் இருந்தனர். நோயுற்று இறந்தவர்களைப் பக்கத்திலுள்ள செஹ்ரன்ஸ்டோர்ஃப் கிராமத்தில் அடக்கினர். அங்கு நினைவுகூரப்படும் இந்தியர் மட்டும் 206 பேர். போர் முடிந்தது, கைதிகள் ஊர் திரும்பினர், தொழுவோர் இல்லாத மரப்பள்ளி சிதைந்து 1920-களில் இடிக்கப்பட்டது. அந்தக் கிராமமே இராணுவப் பயிற்சி நிலத்துக்குள் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் படை அங்கே நின்றது. 1994-இல் அப்படைகள் ஜெர்மனியை விட்டுச் சென்ற பிறகுதான் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் பாழடைந்த அவ்விடத்தைச் சீர்செய்தது. 2005-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. இதில் ஒரு விந்தை உண்டு. அக்கைதிகளின் மொழிகளை ஆராய விரும்பிய ஜெர்மன் அறிஞர்கள் அவர்களைப் பேசவும் பாடவும் செய்து இசைத்தட்டுகளில் பதிந்தனர். அத்தட்டுகள் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. குரலைக் காத்தார்கள், கப்ரைக் காக்க ஆளில்லை.

இப்போது பெர்லினுக்கு வருவோம். 1798-இல் உஸ்மானியப் பேரரசின் தூதர் அலீ அஸீஸ் எஃபந்தி அந்நகரில் வஃபாத்தானார். அவரை அடக்கம் செய்ய அங்கே முஸ்லிம்களுக்கு ஒரு சாண் நிலம்கூட இல்லை. பிரஷ்ய மன்னர் நகருக்கு வெளியே ஓரிடத்தைக் கொடுத்தார். பின்னர் அவ்விடத்தில் இராணுவக் குடியிருப்பு எழுந்ததால் 1866-இல் அங்கிருந்த சில கப்ருகள் இன்று கொலம்பியாடாம் எனப்படும் சாலையோரத்திற்கு மாற்றப்பட்டன. முதல் உலகப் போரில் காயமுற்றுப் பெர்லின் மருத்துவமனைகளில் இறந்த துருக்கி வீரர்கள் அங்கே அடக்கப்பட்டனர். அதனால்தான் அதற்கு ஷெஹித்லிக், அதாவது ஷஹீதுகளின் இடம், என்று பெயர் நிலைத்தது. இதுவரை செஹ்ரன்ஸ்டோர்ஃபுக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. அங்கும் அந்நிய மண், இங்கும் அந்நிய மண்.

வேற்றுமை பின்னர் வந்தது. 1961-இல் துருக்கியும் ஜெர்மனியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் ஜெர்மனியின் தொழிற்சாலைகளுக்கு வந்தனர். இரண்டொரு ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புவோம் என்று வந்தவர்கள்; நம்மவர்கள் வளைகுடாவுக்குச் செல்வதைப் போலத்தான். பலர் திரும்பவில்லை. அங்கேயே குடும்பம், அங்கேயே முதுமை, அங்கேயே மவ்த்து. வசதியுள்ளவர்கள் மய்யித்தை விமானத்தில் ஊருக்கு அனுப்பினர். மற்றவர்களின் ஜனாஸாக்கள் அந்த வீரர்களின் கப்ருகளைத் தேடி வந்தன. வந்து வந்து இடம் நிறைந்தது. நகரின் மேற்கே காட்டோவ் என்னுமிடத்தில் வேறு நிலம் பெற வேண்டியதாயிற்று. கபரஸ்தானின் காவலர் வீடு 1980-களில் தொழுமிடமாயிற்று. 1999-இல் தொடங்கி 2005-இல் முடிந்த பெரிய பள்ளிவாசல் இன்று அவ்வளாகத்தில் நிற்கிறது. நாமெல்லாம் முதலில் பள்ளியைக் கட்டிப் பிறகு கபரஸ்தானுக்கு இடம் தேடுகிறோம். அங்கே மய்யித்துகள் முதலில் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து பள்ளி வந்தது!

ஜெர்மனியில் பொதுவாகக் கப்ருக்குரிய இடம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகையாகவே கிடைக்கிறது. தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் இடம் வேறொருவருக்குப் போகும். போரில் இறந்தவர்களின் கப்ருகளுக்குச் சட்டப்படி நிரந்தர உரிமை உண்டு. நம் ஊரில் வாழையடி வாழையாக வக்ஃபு நிலத்தில் இலவசமாக அடங்கி வருகிறோம். இந்த நிஃமத்தின் அருமை அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

மூன்றாவது வரலாறு இங்கிலாந்தைச் சேர்ந்தது. இதில் நம் நாட்டவர்களே முதன்மையானவர்கள். 1914-இல் இந்தியப் படைகள் பிரான்ஸின் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. காயமுற்றவர்கள் கடல் கடந்து இங்கிலாந்தின் பிரைட்டன் முதலிய ஊர்களின் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். பிரைட்டனில் இறந்த இந்துக்களும் சீக்கியர்களுமான 53 பேருடைய உடல்கள் அருகிலிருந்த குன்றில் அவரவர் முறைப்படி எரியூட்டப்பட்டன. முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் வோக்கிங் நகருக்கு அனுப்பப்பட்டன. ஏனெனில் அங்கே 1889-இல் கட்டப்பட்ட ஷாஹ் ஜஹான் பள்ளிவாசல் இருந்தது. போபால் அரசி ஷாஹ் ஜஹான் பேகம் அவர்களின் கொடையால் எழுந்த பள்ளி அது. முஸ்லிம் வீரர்களை ஆங்கிலேயர் முறைப்படி அடக்குவதில்லை என்று ஜெர்மானியர் பிரசாரம் செய்துவந்த நேரம். அப்பள்ளியின் இமாமாக இருந்த மௌலவி ஸத்ருத்தீன், வீரர்களுக்குத் தகுதியான அடக்கஸ்தலம் வேண்டும் என்று போர்த்துறையை வற்புறுத்தினார். (அன்று அப்பள்ளியை நடத்தியோரின் கொள்கையை நாம் ஏற்பவர்கள் அல்லர், அந்த விவாதத்திற்கு இது இடமன்று.) ஹார்சல் பொதுவெளியில் செங்கல் மதிலும் குவிமாட வாயிலுமாக அழகிய அடக்கஸ்தலம் 1917-இல் கட்டி முடிக்கப்பட்டது. இரு உலகப் போர்களிலும் சேர்த்து 27 வீரர்கள் அங்கே அடக்கப்பட்டனர்.

அந்த மதில் இன்றும் நிற்கிறது. ஆனால் உள்ளே எவரும் இல்லை. மரங்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த அவ்விடத்தில் விஷமிகள் புகுந்து மீஸான் கற்களைச் சேதப்படுத்தினர். அதைத் தடுக்க இயலாமல் 1960-களின் இறுதியில் அவ்வீரர்களின் உடல்களை எடுத்து, அருகிலுள்ள புரூக்வுட் இராணுவ அடக்கஸ்தலத்திற்கு மாற்றிவிட்டனர். பழைய இடம் 2015-இல் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 27 மரங்கள் நட்டு, 27 பெயர்களையும் கல்லில் பொறித்திருக்கின்றனர். அடக்கிய மய்யித்தைத் தோண்டி எடுப்பது எளிதில் அனுமதிக்கப்பட்டதன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். பிறர் நிலத்தில் அனுமதியின்றி அடக்கியது போன்ற காரணங்களையே நம் ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் ஏற்கின்றன. உஹதில் வேறொருவருடன் ஒரே கப்ரில் அடக்கப்பட்ட தம் தந்தையை, மனம் கேளாமல், ஆறு மாதங்களுக்குப் பின் தனிக் கப்ருக்கு மாற்றிய ஜாபிர் (ரலி) அவர்களின் செய்தியும் உண்டு. வோக்கிங்கில் நடந்தது சரியா என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. அவ்வளவு உயர்ந்த மதில் இருந்தும் அந்த நிலை ஏன் வந்தது என்பதே என் கேள்வி. இறந்தவர்களின் பிள்ளைகள் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்தனர். அவ்விடத்திற்கு வழக்கமாக வரும் ஜனாஸா இல்லை. எனவே ஜியாரத்துக்கு வருவோரும் அரிது. அந்த வாசல் மூடியே கிடந்தது.

அவர்கள் மாற்றப்பட்ட புரூக்வுட் அப்படிப்பட்டதன்று. 1854-இல் திறக்கப்பட்ட அப்பெரும் மயானத்தில் முஸ்லிம்களுக்கென்று பகுதி உண்டு. குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மர்மடியூக் பிக்தால் 1936 முதல் அங்கே அடங்கியிருக்கிறார். பிக்தால் நமக்கு அந்நியர் அல்லர். 1927-இல் சென்னைக்கு வந்து இஸ்லாமியப் பண்பாடு பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றியவர். திருச்சியில் தம் பெயர் தாங்கிய கல்லூரிக்கு வித்திட்ட ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் பொருளுதவியால் நடந்த சொற்பொழிவு வரிசை அது. இங்குள்ளவர்களின் பிள்ளைகள் பலர் அக்கல்லூரியில்தானே படிக்கிறார்கள்!

குர்ஆனின் மற்றொரு புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் அப்துல்லாஹ் யூசுஃப் அலீ அவர்களும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய இறுதி நாட்கள் நெஞ்சை உலுக்குபவை. 1953 டிசம்பரின் கடுங்குளிரில் லண்டன் வீதியில், ஒரு வீட்டு வாசற்படியில், நிலை குலைந்த முதியவராகக் கண்டெடுக்கப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் காலமானார். உலகெங்கும் பள்ளிவாசல்களின் அலமாரிகளில் தம் நூல் இருக்கும் ஒருவருக்கு ஜனாஸாவைப் பொறுப்பேற்க உறவினர் எவரும் வரவில்லை. பாகிஸ்தான் தூதரகம் முன்வந்து அடக்கம் செய்தது. புரூக்வுட்டில் முஸ்லிம்களுக்கென்று ஏற்கெனவே ஓரிடம் இருந்ததால் அவர் அநாதையாகப் போகவில்லை. முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்கு ஆதரவாக எழுதியும் பேசியும் வந்தவர் அவர்; அந்தப் போரில் மாண்ட சிப்பாய்கள் பிற்பாடு அதே ஊருக்கு வந்து சேர்ந்தனர். அந்நிய அரசின் கொடியின் கீழ் இறந்த அவ்வீரர்களின் அந்தஸ்து என்ன என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. கூலிக்காகச் சென்றவர்கள், குடும்ப வறுமையால் சென்றவர்கள், வேறு வழியின்றிச் சென்றவர்கள் என்று பலவிதம் இருப்பர். நிய்யத்தை அறிபவன் அல்லாஹ். அவர்களை முஸ்லிமாகக் கண்டு குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழவைத்து அடக்குவதே எஞ்சியவர்களின் கடமை. 1985-இல் ரமழான் குனை என்னும் சைப்ரஸ் துருக்கியர் ஒருவர், தம் சமுதாயத்தின் அடக்கத் தேவையை முன்னிட்டு அந்த மயானத்தையே விலைக்கு வாங்கினார். இன்று அது வோக்கிங் நகராட்சியிடம் இருக்கிறது. முஸ்லிம்களின் அடக்கமும் தொடர்கிறது.

என் அருமைச் சகோதரர்களே! மேலே சொன்ன இடங்களில் எதையும் சுவர் காப்பாற்றவில்லை. ஹார்சலில் சுவர் இருந்தது, கப்ருகள் போயின. பெர்லினில் ஊரில்லாத தூதருக்கும் ஊரில்லாத சிப்பாய்க்கும் கிடைத்த நிலத்தைப் பிற்பாடு வந்த தொழிலாளர்களின் ஜனாஸாக்கள் காத்தன. சுவர் வேண்டாம் என்று நான் கூறுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடுமாடுகள் மேய்வதையும், இரவில் சிலர் உள்ளே அமர்ந்து செய்யும் காரியங்களையும் நானும் அறிவேன். சுவரைக் கட்டுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

நம் கபரஸ்தானின் புல எண் எது, வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் அது எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது, வக்ஃபு வாரியத்தின் பதிவில் எவ்வளவு பரப்பு காட்டப்பட்டுள்ளது என்று இச்சபையில் கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வோம்? நம் பாட்டனார் காலம் முதல் அடக்கி வருகிறோம் என்பதே போதும் என்று இருந்துவிட்டோம். நீண்டகாலப் பயன்பாட்டால் ஒரு நிலம் வக்ஃபாகும் என்ற விதி 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெளிப்படையாக இருந்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்விதியை நீக்கியது. அத்திருத்தத்துக்கு முன்பே அவ்வகையில் பதிவானவை வக்ஃபாகவே தொடரும் என்றாலும், தகராறில் உள்ளவையும் அரசு நிலம் எனப்படுபவையும் அதில் அடங்கா என்று அச்சட்டமே கூறுகிறது. அதன் விதிகள் மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2025 செப்டம்பரில் சில விதிகளுக்கு இடைக்காலத் தடையும் பிறப்பிக்கப்பட்டது. சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞர்களிடம் விடுவோம். பாட்டனார் காலத்து வழக்கம் என்ற ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் முன் போய் நிற்க முடியாத காலம் வந்துவிட்டது என்பதை விளங்கிக்கொள்ள மௌலவியாக இருந்தாலே போதும்.

அடுத்து, அந்த இரண்டாவது விஷயம். நம் மாவட்டங்களின் நடுவே செல்லும் நெடுஞ்சாலையில் விபத்தில் இறக்கும் வழிப்போக்கர்களும், அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்திருக்கும் முஸ்லிம் தொழிலாளர்களும் நம் வாசலுக்கு வருவார்கள். அவர்களுக்கு இங்கே உறவினர் இல்லை. உருது கலந்த அவர்களுடைய பேச்சு நம்மில் பலருக்குப் புரிவதில்லை. பெர்லினில் அலீ அஸீஸ் எஃபந்தி இருந்த நிலை அதுவே. வோக்கிங்கில் நம் சிப்பாய் இருந்த நிலையும் அதுவே. நாளை ரியாத்திலோ கோலாலம்பூரிலோ நம் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய நிலையும் அதுதான். அல்லாஹ் பாதுகாப்பானாக! முஸ்லிம்களுக்கென்று பொதுவாக வக்ஃபு செய்யப்பட்ட கபரஸ்தானில் செல்வரும் ஏழையும் சமம் என்று ஃபுகஹாக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சந்தா பாக்கியைப் பற்றி ஒன்று சொல்வேன். சந்தா வசூலாகாமல் பள்ளியை நடத்த முடியாது என்பதை மாதச் சம்பளம் வாங்கும் நான் மறுக்க முடியுமா? ஆனால் கடன்பட்டு இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராதபோதும், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்ற கருத்துப்பட ஸஹாபாக்களிடம் கூறினார்கள். அவரை அடக்க வேண்டாம் என்று கூறவில்லை. அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்டதும் நாயகமே தொழவைத்தார்கள். பாக்கியை உயிரோடு இருக்கும்போது கேளுங்கள். வீட்டுக்குச் சென்று கேளுங்கள். வாரிசுகளிடம் மென்மையாகக் கேளுங்கள். அல்லது அபூ கதாதாவைப் போல நம்மில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். மய்யித்து வீட்டில் கிடக்க, பெண்கள் அழுதுகொண்டிருக்க, ரசீதுப் புத்தகத்தைக் கொண்டு போய் நீட்டுவது எந்த ஜமாஅத்துக்கும் அழகன்று. கொள்கை வேறுபாட்டைக் காரணம் காட்டி வாசலைப் பூட்டும் வழக்கமும் சில ஊர்களில் தலையெடுத்திருக்கிறது. அதை நம் ஊருக்கு வரவிடாதீர்கள்.

நிர்வாகத்தின் அனுமதியுடன் ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம். மதரஸாவில் ஒரு பெரிய பேரேடு வைக்கப்பட்டிருக்கிறது. இனி அடக்கப்படும் ஒவ்வொருவரின் பெயர், தந்தையின் பெயர், ஊர், வஃபாத்தான ஹிஜ்ரி மற்றும் ஆங்கிலத் தேதி, கப்ரு இருக்கும் வரிசை ஆகியன அதில் எழுதப்படும். பெயர் தெரியாதவராயின் அவர் எங்கே, எந்நிலையில் கிடைத்தார் என்பது எழுதப்படும். பழைய கப்ருகளுக்கு முதல் பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். அவற்றில் எவர் எங்கே அடங்கியிருக்கிறார் என்பதை அறிந்த பெரியவர்கள் நம்மிடையே ஏழெட்டுப் பேருக்கு மேல் இல்லை. அவர்களில் இருவர் நடக்க இயலாதவர்கள். நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்ல இளைஞர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரும் ஜும்ஆவன்று அஸர் தொழுகைக்குப் பின் கபரஸ்தானில் கூடுவோம். பழைய பத்திரம், வரைபடம், தீர்வை ரசீது எதுவாயினும் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் எடுத்து வாருங்கள். நகலெடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.